அப்பா நிறுத்திய ஊற்று

என் அப்பா பக்கிரி தன் அண்ணனுடைய ஊற்றை நிறுத்தியவர். தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தே செய்தார். போன மாதம் அவர் இறந்துபோனார். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை இதைத்தான் முதலில் எழுதுகிறது.

பாகூர் கொம்யூனில் குருவிநத்தம் எங்கள் ஊர். தெற்கே பெண்ணையாறு. ஆற்றுக்கு இப்பால் பிரெஞ்சு சர்க்கார், அப்பால் இங்கிலீஷ் சர்க்கார். இந்தப் பக்கத்து மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. வெகு ஆழத்தில், களிமண்ணுக்கு அடியில், தண்ணீர் அழுத்தத்தோடு அடைபட்டு நிற்கிறது. துளை போட்டுக் குழாய் இறக்கினால் தானே மேலே வந்து பொங்கும். ஏற்றம் வேண்டாம், மாடு வேண்டாம். இரவும் பகலும் ஓடும். ஊரில் இதை ஊத்து என்பார்கள். என் தாத்தா தன் காலத்தில் மேட்டுக் கொல்லையில் அப்படி ஒன்று போட்டிருந்தார். கை மொத்தத்துக்குத் தண்ணீர் வந்தது.

தாத்தாவின் மூத்த பிள்ளை அரங்கநாதன், என் பெரியப்பா. அவருக்குப் பின்னால் பிறந்த குழந்தைகள் தங்கவில்லை. அடுத்ததாவது தங்கட்டும் என்று நாகூருக்கு நேர்ந்துகொண்டார்கள். பிறந்த பிள்ளைக்குப் பக்கிரி என்று பேர் வைத்தார்கள். இந்தப் பிள்ளையும் போய்விடுமோ என்று வீடே பயந்து கிடந்தது. பெரியப்பாவின் தோளில்தான் அப்பா வளர்ந்தார். அழுவதற்கு முன்பே பால் வரும், கைநீட்டுவதற்கு முன்பே பண்டம் வரும். கேட்டு வாங்குகிற பழக்கம் அவருக்கு வராமலே போனது. பிற்பாடு பெரியப்பாவுக்குப் பிள்ளைகள் பிறக்கவில்லை. அவர் வளர்த்த ஒரே பிள்ளை என் அப்பாதான்.

1926இல் பாகம் பிரித்தார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. மூத்தவன் பங்கு வைக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும். எது தனக்கு வரும் என்று தெரியாததால் வைப்பவன் ஏமாற்ற முடியாது. எடுத்தவனும் பிறகு குறை சொல்ல முடியாது. பெரியப்பா ஒரு பங்காக மேட்டுக் கொல்லையை ஊற்றோடு வைத்தார். இன்னொரு பங்காகப் பள்ளத்து நிலத்தை வைத்தார். பரப்பில் அது பெரியது, ஏரி வாய்க்கால் பாய்வது.

"எட்றா பக்கிரி. எது வோணும்?"

"பள்ளம்."

"நல்லா யோசிச்சிக்கோ. ஊத்து மேட்டுல கீது."

"ஏரி கீதே. ஏரி இருக்கிறப்ப ஊத்து எதுக்கு?"

"சரி. தண்ணி பத்தலன்னா வந்து கேளு. மடைய மாத்தி வுடறேன்."

பத்திரம் எழுதுகிற நொத்தேரிடம் போய்ப் பதிந்துகொண்டார்கள். சண்டை இல்லை, முணுமுணுப்பு இல்லை. அன்று இரண்டு குடும்பமும் ஒரே பந்தியில் சாப்பிட்டதாக அம்மா சொல்வார்.

மழை பெய்த வருஷங்களில் அப்பாவின் கணக்கு சரியாகவே இருந்தது. 1929இல் மழை தவறியது. ஏரி வண்டலாகக் கிடந்தது. வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. பள்ளத்தில் அப்பாவின் கரும்பு தோகை சுருண்டு நின்றது. வரப்புக்கு அந்தப் பக்கம் மேட்டுக் கொல்லையில் ஊற்று ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா தினமும் அந்த வரப்பு வரை போவார், நிற்பார், திரும்பிவிடுவார். வீட்டில், "பங்கு வைக்கும்போதே அண்ணன் கணக்குப் போட்டுத்தான் வச்சிருக்காரு" என்று பேச ஆரம்பித்தார். அம்மா, "எடுத்தது நீதானே" என்றால் சாப்பாட்டை விட்டு எழுந்துவிடுவார்.

ஒரு நாள் அவர் வரப்பைத் தாண்டிப் போனார். அம்மா தையலம்மாள் பள்ளத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தார், பார்த்தது அவர்தான். பெரியப்பா ஆட்களோடு உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா பக்கிரி, இவ்ளோ தூரம்?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டலாம்னு வந்தேன்."

பெரியப்பா அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "மாடு எங்கடா?"

அப்பா மாட்டை ஓட்டிக்கொண்டு போகவில்லை. ஆட்கள் சிரித்தார்கள். வேலம்மாள் என்ற கூலிக்காரப் பெண், "மாடு மெதுவா பின்னால வருது போல. வெயில் பாரு" என்றாளாம். பெரியப்பாவும் சிரித்துவிட்டார்.

"கரும்பு காயறது ஊருக்கே தெரியும். வாயத் தொறந்து கேளேன்டா. கேட்டா குடுக்க மாட்டனா?"

"ஒண்ணும் வாணாம்."

அப்பா திரும்பி வந்துவிட்டார். அந்த வருஷத்துக் கரும்பு அடுப்பெரிக்கத்தான் ஆயிற்று.

பெரியப்பா மடையைத் திறந்துவிட்டிருக்கலாம். ஒரு மண்வெட்டி வேலை. வளர்த்த காலமெல்லாம் கேட்காமலே கொடுத்தவருக்கு அன்றைக்கு மட்டும் ஒரு வார்த்தை தேவைப்பட்டது. அதையும் எழுதி வைக்கிறேன், அப்பாவின் பக்கத்துக் கணக்கில் வேறு ஒன்றும் இல்லை என்பதால்.

மறு வருஷம் அம்மாவின் நகைகள் போயின. புதுச்சேரியிலிருந்து குழாய் இறக்குகிற ஆட்கள் வந்தார்கள். பள்ளத்து நிலத்திலேயே தாழ்வான மூலையை அப்பா காட்டினார். தண்ணீர் தொடை மொத்தத்துக்குப் பீறிட்டு வந்தது. பார்ப்பதற்குச் சுற்று ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அப்பா எல்லோருக்கும் வெற்றிலை கொடுத்தார்.

மேட்டுக் கொல்லையில் கை மொத்தம் வந்த தண்ணீர் விரல் மொத்தம் ஆனது. பிறகு சொட்டியது. பொங்கலுக்கு முன்பே நின்றுவிட்டது.

பெரியப்பா வரப்பில் வந்து நின்றார்.

"பக்கிரி, மேல நின்னு பூட்ச்சிடா."

"அப்பிடியா?"

"உன்னுது ஓடுது."

"ஓடுது."

பெரியப்பா ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பா சொன்னார்: "வோணும்னா கேளேன். கேட்டா குடுக்க மாட்டனா?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் கேட்கவில்லை. அன்று பேச்சு நின்றது.

பெரியப்பா மானாவாரியாக எதையோ விதைத்துப் பார்த்தார், தேறவில்லை. மேட்டுக் கொல்லையைத் தரிசாகப் போட்டுவிட்டு, பெரியம்மா காசம்மாளின் ஊருக்கே போய்விட்டார். அது ஆற்றுக்கு அந்தப் பக்கம். கோடையில் மணலில் நடந்தே போகலாம். எங்கள் பள்ளத்து வரப்பில் நின்றால் அந்த ஊர்ப் பனைமரங்கள் தெரியும். அண்ணனும் தம்பியும் இரண்டு சர்க்காரின் கீழ், ஒருவர் அடுப்புப் புகையை மற்றவர் பார்க்கிற தூரத்தில் இருந்தார்கள்.

என் தங்கை வள்ளியம்மாள் கல்யாணத்துக்கு அப்பா தாம்பூலத் தட்டோடு அங்கே போனார். பெரியம்மா வாசலில் நின்று, "அவுரு ஊர்ல இல்ல தம்பி" என்றார். உள்ளே பெரியப்பா இருமுவது கேட்டது. அப்பா தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு வந்தார். கல்யாணத்துக்கு யாரும் வரவில்லை.

நான் புதுச்சேரிக்குப் போய்க் குழாய் இறக்கும் வேலையையே கற்றுக்கொண்டேன். வீட்டில் நடந்ததற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்த வேலைதான் கிடைத்தது. ஆனால் ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுத்தது இதைத்தான்: ஒரே நீர்ப்படுகையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழாய் இறங்கினால், வாய் தாழ்ந்திருக்கிற குழாய் எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். இரண்டு வாயும் ஒரே மட்டத்தில் இருந்தால் இரண்டும் ஓடும்.

பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் சொன்னேன்.

"ரெண்டு மொழம் கொழாய ஒசத்தி வச்சிருந்தா போதும்ப்பா. அங்கயும் ஓடியிருக்கும், இங்கயும் ஓடியிருக்கும்."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"மேஸ்திரி. எறக்கறதுக்கு முன்னாடியே சொன்னாரு. பள்ளத்துல வாய வச்சா உங்க அண்ணன் ஊத்து நின்னுடும், ஒசத்தி வச்சிக்கங்க, ஆனா பாதிதான் வரும்னாரு."

"நீ இன்னா சொன்ன?"

"தரையோட வைய்யின்னேன்."

அம்மா குழம்புக் கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். அதுவரை அவருக்கும் தெரியாது. தன் நகை எதற்குப் போனது என்று அப்போதுதான் தெரிந்தது.

"இப்பவும் ஒசத்தலாம்ப்பா. நானே செய்யறேன். ஒரு நாள் வேலை."

"இப்ப ஒசத்தினா, அன்னிக்குத் தெரிஞ்சேதான் செஞ்சான்னு ஊரு சொல்லும்."

"தெரிஞ்சேதானே செஞ்ச?" என்று அம்மா கேட்டார்.

அப்பா இலையை மடித்துவிட்டு எழுந்தார். குழாய் தரையோடுதான் இருந்தது. கரும்பு நன்றாக விளைந்தது. வீடு ஓட்டு வீடானது. அப்பா வயலில் உட்காரும்போது ஊற்றுக்கு முதுகைக் காட்டியே உட்காருவார். அந்தப் பழக்கம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியாது.

1944 சித்திரையில் அவர் புதுச்சேரிக்கு என் அறையைத் தேடி வந்தார். அதற்கு முன் வந்ததே இல்லை. உட்காரக்கூட இல்லை.

"அண்ணனுக்குக் காலெல்லாம் வீங்கிப் போச்சாம். தாங்காதுன்னு சொல்றாங்க. நீ வந்து நம்ம ஊத்த அடச்சிடு."

"ஒசத்தினாப் போதும்ப்பா."

"பாதி வாணாம். முழுசா அடை. அவுரு சாவறதுக்குள்ள அவுரு ஊத்து ஓடணும். ஓடறத அவுரு பாக்கணும்."

"கரும்பு இப்பதான் வேர் புடிக்குது. காஞ்சிடும்."

"காயட்டும்."

இத்தனை வருஷம் ஓடாமல் நின்ற குழாய் துருப்பிடித்திருக்கும், மணல் ஏறியிருக்கும், அடைத்தாலும் வருவது சந்தேகம் என்று சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. லீவு சொல்லிவிட்டுச் சாமான்களோடு கிளம்பினேன்.

வேப்பங்கட்டையைச் செதுக்கி, சணல் சுற்றி, குழாய் வாயில் வைத்து அடித்து இறக்கினேன். மேலே கல்லை ஏற்றினோம். தண்ணீர்ச் சத்தம் நின்றது. பழகிப்போன சத்தம் நின்றதால் மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

மேட்டுக் கொல்லையில் முள் மண்டிக் கிடந்தது. வெட்டி வழி செய்துகொண்டு குழாயிடம் போனோம். அப்பா மண்டியிட்டுக் குழாயில் காதை வைத்தார்.

"வருதாடா?"

"வரலப்பா."

கயிற்றில் குண்டு கட்டி இறக்கினேன். நூறு முழத்துக்கு மேல் போக வேண்டிய குண்டு கொஞ்சத்திலேயே நின்றுவிட்டது. இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு தூர் எடுக்க ஆரம்பித்தேன். மேலே மணல் வந்தது. அதற்குக் கீழே ஓட்டுச் சில்லும் செங்கல் துண்டும் கூழாங்கல்லும் வந்தன. குழாய்க்குள் ஓட்டுச் சில்லு எப்படி வரும் என்று அப்பாவிடம் கேட்டேன். "மாடு மேய்க்கிற பசங்க போட்டிருப்பானுங்க" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பல நாள் எடுத்தும் முழுவதும் எடுக்க முடியவில்லை. ஓர் ஆழத்துக்குக் கீழே கல் இறுகிப்போயிருந்தது. இடித்தால் குழாயே உடையும். இடுக்கு வழியாகச் சேற்றுத் தண்ணீர் மெல்ல ஏறிக் குழாய் விளிம்பு வரை வந்தது. வழியவில்லை. விளிம்பில் அப்படியே நின்றது. கசிவு, அவ்வளவுதான். இதற்கு மேல் வராது என்று சொன்னேன்.

அப்பா வீட்டுக்கு ஓடிப் பித்தளைச் சொம்பைக் கொண்டுவந்தார். கையால் அந்தச் சேற்றுத் தண்ணீரை அள்ளி அள்ளிச் சொம்பை நிரப்பினார்.

"வந்துடுச்சில்ல? வா, போலாம்."

"இது ஊத்து இல்லப்பா."

"நீ வா."

ஆற்று மணலில் நடந்தோம். அக்கரையில் சுங்கச் சேவகர்கள் இருவர் நிறுத்தினார்கள். எங்கள் பக்கத்திலிருந்து சாராயம் போவது அவர்களுக்குப் பழக்கம்.

"சொம்புல இன்னா?"

"தண்ணி."

ஒருவன் வாங்கி மோந்து பார்த்தான். விரலை விட்டு நக்கியும் பார்த்தான். "தண்ணிதான்யா. யோவ், ஆத்தத் தாண்டித் தண்ணி எடுத்துக்கினு வர்றியே, இங்க தண்ணியே இல்லன்னு யாராவது சொன்னாங்களா?"

"அதுவும் சேத்துத் தண்ணி," என்றான் மற்றவன். "எதுனா வைத்தியமா பெரியவரே?"

"ஆமா," என்றார் அப்பா.

பெரியப்பா வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். கால்கள் தூண் மாதிரி இருந்தன. பெரியம்மா தலைமாட்டில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"யாரு வந்துகிறா பாரு," என்றார் பெரியம்மா. "பக்கிரி."

பெரியப்பா கண்ணைத் திறந்தார். அப்பாவுக்குப் பின்னால் பார்த்தார். பிறகு, "மாடு எங்கடா?" என்றார்.

அப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, சொம்பை இரண்டு கையாலும் நீட்டினார்.

"அண்ணா, என்னுத அடச்சிட்டேன். உன் ஊத்து வந்துடுச்சு. பாரு."

பெரியப்பா சொம்புக்குள் விரலை விட்டு, சேற்றை எடுத்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீதானே கொழாய் வேலை செய்யறவன்? நீ சொல்லு. ஓடுதா?"

"இல்ல பெரியப்பா. கசியுது. உள்ள ஓட்டுச் சில்லும் கல்லுமா அடச்சிக்கினு கீது."

"அடச்சது நான்தான்."

பெரியம்மாவின் விசிறி நின்றது.

"நின்னு போன மறு வருஷமே கூடை கூடையாக் கொட்டி, கடப்பாறையால இடிச்சி வுட்டேன்."

"எதுக்குண்ணா?"

"உன்ன எனக்குத் தெரியாதாடா? தோள்ல போட்டு வளத்தவன். என்னிக்காவது ஒரு நாளு உன்னுத அடச்சிட்டு, இந்தாண்ணா தண்ணின்னு வந்து நிப்ப. நான் அத உன் கையால வாங்கிக்கணும். அது எனக்கு வாணாம்னுதான் இடிச்சேன்."

பேசியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. முகத்தை மரத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"சொம்ப எடுத்துக்கினு போவச் சொல்லு," என்று பெரியம்மாவிடம் சொன்னார்.

பெரியம்மா சொம்பை வாங்கித் தண்ணீரை வாழைக்கு ஊற்றினார். சாம்பல் போட்டுத் துலக்கினார். எங்கள் ஊர்களில் ஒரு வீட்டுப் பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி அரிசியோ, ஒரு துண்டு வெல்லமோ, ஒன்றும் இல்லாவிட்டால் இரண்டு பச்சை மிளகாயோ போட்டுத்தான் கொடுப்பார்கள். சண்டைக்கார வீட்டுக்கும் அப்படித்தான். பெரியம்மா சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீர் வடித்து, முந்தானையால் துடைத்து, வெறும் சொம்பாக அப்பா கையில் கொடுத்தார். அப்பா சொம்புக்குள்ளே பார்த்தார். பிறகு எழுந்தார்.

ஆற்றைத் தாண்டி அப்பா பள்ளத்துக்கு வந்து காய்ந்த கரும்பைப் பார்த்தார்.

"கட்டையப் புடுங்கிடு."

பிடுங்கினேன். தண்ணீர் முன்பு எப்படி வந்ததோ அப்படியே வந்தது. பூமிக்குள் இருக்கும் அழுத்தத்துக்கு எங்கள் விவகாரம் எதுவும் தெரியாது.

ஆனி மாதம் பெரியப்பா இறந்தார். பிள்ளை இல்லாதவருக்குத் தம்பி கொள்ளி வைப்பதுதான் முறை. அப்பா தலைக்கு முழுகி, ஈர வேட்டியோடு போய் நின்றார். பெரியம்மா தன் அண்ணன் மகனைக் கூப்பிட்டு அவன் கையில் கொள்ளியைக் கொடுத்தார். யாரும் அப்பாவை விலகு என்று சொல்லவில்லை. அவரே விலகி, ஆற்றோரம் போய் நின்றுகொண்டார். எரிந்து முடியும் வரை ஈரம் காய்ந்த வேட்டியோடு அங்கேயே நின்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு வருஷம் இருந்தார். அந்த இரண்டு வருஷமும் மண்வெட்டியும் கையுமாக அலைந்தார். யார் நிலத்தில் நாற்று வெளுத்திருந்தாலும், அவர்கள் வந்து கேட்பதற்கு முன்பே எங்கள் மடையைத் திறந்துவிடுவார். வேண்டாம் என்றவர்களுக்கும் விட்டார். அறுவடைக்கு நின்ற நெல்லில் தண்ணீரை விட்டு ஒருவரிடம் திட்டும் வாங்கினார். எங்கள் கரும்பு பாதி காய்ந்தது. நான் சொன்னால், "கேக்க வச்சிப் பாக்கக் கூடாதுடா" என்பார். ஒரே பாடத்தை அவர் கற்றுக்கொண்டிருந்தார். அதைக் காட்ட வேண்டிய ஆள் சாம்பலாகிப் போயிருந்தார். மற்றவர்களுக்கு அது இலவசத் தண்ணீர்.

கருமாதி அன்று பள்ளத்து ஜனங்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். பக்கத்துக் கொல்லை மணியம்மாள் அழுதாள்.

"கேக்கற வரிக்கும் வச்சிருக்க மாட்டாரு மவராசன். கொல்லை காயறதப் பாத்தா அவுரே மம்முட்டியோட வந்து நிப்பாரு. இந்த மாதிரி மனுசன் யாரு கீறாங்க?"

ஆமாம், ஆமாம் என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். அப்பா இறந்த நாளிலிருந்து எதுவும் சொல்லாமல் உட்கார்ந்திருந்த அம்மா அப்போது வாயைத் திறந்தார்.

"பள்ளத்துல இருக்கிற எல்லாருக்கும் பாஞ்சிது. மேட்டுக்குத்தான் ஏறல."

அம்மா, இலை போடச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.